வோர்காட் பேசிய தக்கலைத் தமிழ்

ஷைஜாவுக்கு ஓரிடத்தில் நின்று பேச வராது. போன் அடித்தால் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவாள். ஹாலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து பின்வாசல், அங்கிருந்து கிணற்றடி, திரும்ப ஹால்.

"ஏட்டி, ஒரு இடத்துல இருந்து பேசினா வாய் வலிக்குமா?" என்று அம்மா நேசபாய் கேட்காத நாள் இல்லை.

வாய் வலிக்காது. ஆனால் வாயைத் திறந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்கிற பயம் சிறு வயதிலேயே அவள் காலில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு பயம் குறைந்தாலும் கால் நிற்கப் பழகவில்லை.

அவளுடைய குரல் அப்படி. கூடப் படித்த பெண்பிள்ளைகளின் குரல் மெலிந்து இனிமையாகிக்கொண்டிருந்த வயதில் இவளுடையது கீழே இறங்கியது. இறங்கி, அடியாழத்தில் போய் நின்றுவிட்டது. சளி என்று கஷாயம் கொடுத்தார்கள். தொண்டையில் ஏதோ கட்டி என்று பயந்து நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சூக்கேடு ஒண்ணும் இல்ல. பிள்ளைக்க குரலே இதுதான்" என்று அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த வாத்தியார் பெயர் வாசிக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று இவள் சொன்னால், அவர் ஆண்பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எவம்லே அது?" என்பார். வகுப்பே சிரிக்கும். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில், பையனின் அம்மா ஷைஜா பேசிய இரண்டு வார்த்தையைக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு ஜலதோஷம் மாறின பொறவு வாறோமே" என்று கிளம்பினாள். அந்த ஜலதோஷம் மாறவே இல்லை.

பட்டப்படிப்பு முடித்துச் சென்னைக்குப் போய் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். அங்கே அவளை எல்லாரும் "சார்" என்றார்கள். முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். கோபமாக அழைக்கும் ஆட்கள்கூட அவள் குரலைக் கேட்டதும் கொஞ்சம் அடங்கிப் பேசினார்கள். கூட வேலை பார்த்த பெண் ஒருத்திதான் சொன்னாள்: "உன் வாய்ஸ டப்பிங்ல விட்டா பின்னி எடுத்துடுவே."

அப்படித்தான் அவள் பொன்னுலிங்கத்தின் ஸ்டூடியோவுக்குப் போனாள். பொன்னுலிங்கம் டப்பிங் டைரக்டர். பிள்ளைகள் சேனலுக்கு வரும் வெளிநாட்டு கார்ட்டூன்களைத் தமிழாக்குகிறவர். இவள் தக்கலை என்றதும், "நானும் அந்தப் பக்கந்தான். ஆரல்வாய்மொழி" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து அந்தப் பக்கத்து வார்த்தை ஒன்றும் வரவில்லை. அச்சு அசல் சென்னைக்காரர் மாதிரியே பேசினார்.

சில மாதம் கூட்டத்தில் கத்துகிற குரல், பேய்க் குரல், கரடிக் குரல் என்று போயிற்று. பிறகு வோர்காட் வந்தான்.

பொம்மைக் கம்பெனி ஒன்று தன் பொம்மைகளை விற்பதற்காகவே எடுத்த தொடர் அது. தமிழில் 'உருமாறும் படை' என்று பேர் வைத்திருந்தார்கள். நல்ல ரோபோக்கள் கார், ஆம்புலன்ஸ், ஹெலிகாப்டர் என்று மாறும். கெட்ட ரோபோக்களின் தலைவன் வோர்காட். அவன் மாறுவது மஞ்சள் டிப்பர் லாரியாக. கிரகங்களைப் பிடித்து, உடைத்து, ஜல்லியாக்கி, முதுகில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறவன். எழுந்து நின்றால் தலையில் இரண்டு கொம்பு, நெஞ்சில் ஹெட்லைட். மூலத்தில் அவன் உறுமிப் பேசினான். உறுமத் தெரிந்த ஆண்கள் பலரைக் கூப்பிட்டுப் பார்த்துத் திருப்தியில்லாமல், கடைசியில் பொன்னுலிங்கம் ஷைஜாவை மைக் முன்னால் நிறுத்தினார்.

அவள் நின்றால்தானே? இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. செருப்புச் சத்தம் மைக்கில் விழுந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லி, தரையில் கம்பளம் போட்டார்கள். முதல் நாளே, நல்ல ரோபோக்கள் தப்பி ஓடும் காட்சியில், "ஓடாதீர்கள், அற்பர்களே!" என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஷைஜாவின் கால் ஹெட்போன் வயரில் சிக்கியது. ஆத்திரத்தில் அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது:

"ஏலே! சவம், எவம்லே இத இங்க போட்டது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொன்னுலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார்.

"வோர்காட் இனிமே இப்படித்தான் பேசுவான்" என்றார்.

"அய்யோ சார், இது எங்க ஊர்ப் பேச்சுல்லா?"

"அதான் வேணும். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. பயமாவும் இருக்கும், சிரிப்பாவும் இருக்கும்."

அப்படியாக, கிரகங்களைத் தின்னும் இரும்பு அரக்கன் தக்கலைத் தமிழ் பேச ஆரம்பித்தான். "ஏலே, எங்கலே ஓடுத?" என்பது அவன் முத்திரை வாக்கியமாயிற்று. சென்னையில் பிள்ளைகள் பள்ளி வேனிலிருந்து இறங்கி ஓடும்போது பின்னாலிருந்து இன்னொரு பிள்ளை, "ஏலே, எங்கலே ஓடுத?" என்று கத்துவதை ஷைஜா தன் காதால் கேட்டாள். குரல் யாருடையது என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை. அவள் வாயை மூடிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரலை வேறு யாரோ ஆசைப்பட்டுக் காப்பியடிக்கிறார்கள்.

நேசபாய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது ஷைஜா வேலையையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். மச்சு அறையில் துணி பீரோவைத் திறந்து வைத்து, ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, மைக்கை பீரோவுக்குள் நிறுத்தினாள். புடவைகளுக்கு நடுவே முகத்தை நுழைத்துக்கொண்டு வோர்காட்டாகப் பேசிச் சென்னைக்கு அனுப்பினாள். அக்கம்பக்கத்தில் கேட்டால், மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று நேசபாய் சொல்லிவிடுவாள்.

ஆனால் தக்கலையில் எங்கே அமைதி கிடைக்கிறது? வீட்டு முன்னால் ரோட்டில் கல் ஏற்றிய லாரிகள் கேரளாவுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓய்ந்தால் மழை. மழை விட்டால் கோயில் மைக், அது முடிந்தால் சர்ச் மைக். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் ஒரு வாக்கியத்தைப் பிடிக்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து காத்திருந்து அவளுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போலிருக்கும்.

ஒருநாள் மூச்சைப் பிடித்து ஒரு நீள வசனத்தை முடிக்கப்போகும் நேரம், மெத்தையையும் ஜன்னலையும் தாண்டி ஒரு குரல் வந்தது.

"ஏலே, எங்கலே ஓடுத?"

ஷைஜா ஹெட்போனைக் கழற்றினாள். தன் குரல். தான் பேசவில்லை. மறுபடியும் வந்தது. மெத்தையை நகர்த்தி எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டு முற்றத்தில் அஜிஷா குத்தவைத்து உட்கார்ந்து, மஞ்சள் டிப்பர் லாரி ஒன்றை மண்ணில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அஜிஷா முதல் வகுப்புப் படிக்கிறவள். அவள் அப்பா ஆன்றோ குளச்சல் துறைமுகத்தில் படகு இஞ்சின் பழுதுபார்க்கிறவர். நாகர்கோவிலில் புதிதாக வந்த பொம்மை என்று அவர்தான் வாங்கிவந்தாராம். லாரியின் பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு மடிப்பு மடித்து நிமிர்த்தினால் வோர்காட். நெஞ்சை அமுக்கினால் பேசுவான். அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் பொன்னுலிங்கம் போன் செய்தார். "ஷைஜா, நீங்க அனுப்பினதுல பின்னால இன்னொரு வோர்காட் பேசுறானே?"

மறுநாளும் அப்படித்தான். சாப்பிடும்போது கேட்டது. குளிக்கும்போது கேட்டது. நேசபாய்க்குக் காலில் எண்ணெய் தேய்க்கும்போது கேட்டது. "அந்தச் சாமானத்தக் கிணத்துல போடச் சொல்லு, எனக்க நெஞ்சு படபடன்னு வருது" என்றாள் நேசபாய். அவளுக்கும் விஷயம் தெரியும். சொல்லக் கூடாது என்பதும் தெரியும். சொந்த மகள் குரல் சுவரைத் தாண்டி வந்து மிரட்டினால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

ஷைஜா வேலிப் பக்கம் போனாள். "மக்கா, அத உள்ள கொண்டு போய் விளையாடு, என்னா?"

"சரிங்க ஆன்டி. நான் உள்ளே சென்று விளையாடுகிறேன்" என்றாள் அஜிஷா.

ஷைஜா திகைத்துப்போனாள். இந்தப் பிள்ளை போன மாதம்வரைக்கும் "செரி மாமி, இப்பம் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை.

"இது என்னட்டி பேச்சு?"

அஜிஷா பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். போன வாரம் கோயம்புத்தூரில் சித்தி கல்யாணத்துக்குப் போயிருந்தார்களாம். அங்கே பிள்ளைகளோடு விளையாடப் போனபோது, இவள் வாயைத் திறந்ததும், "ஐ, இவ வோர்காட் மாதிரி பேசுறா!" என்று எல்லாரும் ஓடினார்களாம். விளையாட்டில் இவளைத்தான் கெட்டவளாக வைத்தார்களாம். எல்லா விளையாட்டிலும்.

"அதனால நான் இனிமேல் நல்லவங்க மாதிரிதான் பேசுவேன்."

ஷைஜா திரும்பி நடந்தாள். வீட்டுக்குள் போகவில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள். எங்கே என்று இல்லை. குலசேகரம் ரோட்டில் போனாள், திருவட்டாறில் திரும்பினாள், ஆற்றூர் தாண்டினாள், சிதறால் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு யாரோ துரத்துவது போல ஏறினாள். மேலே காற்று அடித்தது. பாறையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வகுப்பில் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் அன்று சிரித்தது அவள் ஒருத்தியின் தொண்டையைப் பார்த்து. இப்போது ஊரில் இருக்கும் அத்தனை பிள்ளைகளின் நாக்கையும் பார்த்துச் சிரிக்க அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சமாதானம் சொல்லிப் பார்த்தாள். டைரக்டர் சொன்னார், பேசினேன். வேலை. மனது ஆறவில்லை. இருட்டுவதற்குள் இறங்கி வந்தாள்.

அடுத்த வாரமே கடைசிப் பகுதியின் கதைச்சுருக்கமும் வசனமும் வந்தன. சுருக்கத்தை வாசித்ததும் அவளுக்கு ஒரு வெளிச்சம். வோர்காட் திருந்துகிறான்! நல்ல ரோபோக்கள் அவன் நெஞ்சுக்குள் இருக்கும் கறுத்த கல்லைப் பிடுங்கி எறிகிறார்கள். அவன் மண்டியிடுகிறான். அவனும் படையில் சேர்கிறான். இனிமேல் இந்தப் பேச்சு நல்லவன் பேச்சும்தானே? சந்தோஷத்தில் அம்மாவுக்குத் தேயிலை போடப் போனவள் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்கவில்லை. திரும்ப வந்து வசனத்தை வாசித்தபோதுதான் பார்த்தாள். கல்லைப் பிடுங்குகிற இடத்தோடு அவளுடைய வசனம் முடிந்திருந்தது.

பொன்னுலிங்கத்தைக் கூப்பிட்டாள். ஹாலிலிருந்து அடுக்களைக்கு நடந்தாள்.

"சார், மிச்ச வசனம் வரல்லயே."

"அது வேற ஆளு பேசுறாரு ஷைஜா. நல்லவனா மாறின பிறகு குரலும் மாறணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. நல்ல கம்பீரமான வாய்ஸ். சுத்தமான தமிழ்."

"அப்பம் எனக்க தமிழ் அழுக்கா?"

"அப்படிச் சொல்லல. வில்லனா இருக்கும்போது அது எடுபட்டுது. ஹீரோவுக்கு ஒட்டாது."

ஷைஜா பின்வாசலைத் தாண்டிக் கிணற்றடிக்கு வந்துவிட்டாள். "சார், நீங்க ஆரல்வாய்மொழியில ஒங்க அம்மைகிட்ட என்ன பாஷையில பேசுவிய?"

பொன்னுலிங்கம் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அது வீட்டுக்குள்ள" என்றார்.

"வீட்டுக்குள்ள ஒங்க அம்மை நல்லவங்களா கெட்டவங்களா?"

"ஏட்டி!" என்றார் பொன்னுலிங்கம். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், குரல் தணிந்தது. "நான் என்னட்டி செய்ய? தீருமானிக்கிது கம்பெனிக்காரனாக்கும். நான் இங்க வந்த புதுசுல வாயத் தெறந்தா ஆபீசே சிரிக்கும். அந்தப் பேச்ச நான் தொண்டைக்குள்ளயே கொன்னு போட்டேன். நீ பேசினப்போ அது உயிரோட வந்து நின்னுது. சந்தோசமாத்தான் இருந்துது. ஆனா எனக்கும் அத வில்லனுக்குக் குடுக்கத்தான் தைரியம் வந்துது, கேட்டியா?"

ஷைஜா போனை வைத்துவிட்டு மச்சுக்கு ஏறினாள். பீரோவைத் திறந்தாள். தன் பங்கை முதலில் பேசினாள். பிறகு, கேட்காததையும் பேசினாள். திருந்திய வோர்காட்டாக, அவளுடைய தமிழில்:

"மக்களே, நான் செஞ்சது முழுக்கத் தப்பாக்கும். ஒங்க வீட்டயெல்லாம் இடிச்சு ஜல்லியாக்கினேன். இனி இடிக்க மாட்டேன். என்ன நம்புவியளா?"

ஒரு லாரி கடைசியில் உறுமிக்கொண்டு போனது. போகட்டும் என்று அப்படியே அனுப்பினாள்.

பொன்னுலிங்கம் அதைக் கம்பெனிக்கும் போட்டுக் காட்டினாராம். ஒருத்தர் நன்றாயிருக்கிறது என்றாராம், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். கடைசிப் பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேனலில் வந்தது. கேபிள் சரியில்லை என்று அஜிஷா பொம்மையோடு இவர்கள் வீட்டுக்கு வந்து டிவி முன் உட்கார்ந்திருந்தாள். நேசபாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஷைஜா வாசலுக்கும் டிவிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

கறுத்த கல் தெறித்து விழுந்தது. வோர்காட் மண்டியிட்டான். யாரோ ஒருவர் கணீரென்று, "நண்பர்களே, என் தவறுகளை உணர்ந்துவிட்டேன்" என்றார்.

பிள்ளை கோபப்படுவாள், இது வோர்காட் இல்லை என்பாள் என்று ஷைஜா உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள்.

அஜிஷா கைதட்டினாள். "பாத்தீங்களா ஆன்டி, நல்லவனானதும் எவ்வளவு அழகா பேசுறான்!"

ஷைஜாவின் நடை நின்றது. பிள்ளையின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நேசபாய் "ஏட்டி, வேண்டாம்" என்பது போலக் கையை உயர்த்தினாள். ஷைஜா கவனிக்கவில்லை. பீரோவுக்குள் பேசும் அந்த அடிக்குரலில் சொன்னாள்:

"ஏலே அஜிஷா, எங்கலே ஓடுத?"

அஜிஷா உண்மையாகவே ஓடினாள். செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். பொம்மையையும் விட்டுவிட்டு ஓடினாள். ஷைஜா பதறிப்போய் வேலிவரை வந்தாள். கொஞ்ச நேரத்தில் தென்னைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மாமி, வயித்துக்குள்ள ஸ்பீக்கர் வச்சிருக்கியளா?"

"இல்ல மக்கா. அது நானாக்கும். முதல்லேருந்தே நான்தான். பொம்மைக்குள்ள கேக்கதும் நான்தான்."

"அப்பம் நீங்க கெட்டவங்களா?"

"நீயே சொல்லு. ஒனக்கு மீன்கறியும் மரச்சீனியும் தந்தது ஆரு?"

அஜிஷா தென்னையை விட்டு ஒரு அடி வெளியே வந்தாள். "இன்னும் ஒருக்கா பேசுங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் சொன்னாள். பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு பட்டாளமே நின்றது. ஷைஜா அவர்களுக்குப் பேசிக் காட்டியதை யாரோ வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். சென்னைக்கும் போயிற்று. குரல் தன்னுடையது என்று வெளியில் சொன்னதற்காகக் கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. பொன்னுலிங்கம் போனில், "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் மக்கா" என்றார். நேசபாய் தலையில் கைவைத்துக்கொண்டாள். பீரோவில் மைக் இருந்த இடத்தில் புடவைகள் திரும்ப வந்தன. ஒன்றும் செய்யாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று நேசபாய் கண்ணை மூடிக்கொள்வாள்.

அப்போதுதான் ஒருநாள் அஜிஷாவின் அப்பா ஆன்றோ வேலிப் பக்கம் வந்து தயங்கி நின்றார்.

"ஷைஜா, ஒரு காரியம். காத்து மழைன்னா வானிலை ஆபீசுலேருந்து போன்ல எச்சரிக்க வருதுல்லா? புத்தகத் தமிழ்ல என்னமோ 'மணிக்கு இத்தன கிலோமீட்டர், அறிவுறுத்தப்படுகிறது'ன்னு வரும். எங்க ஆளுக பாதி கேக்கதுக்குள்ள அழிச்சுப் போடுவாவ. அத நீ ஒனக்க குரல்ல, நம்ம பேச்சுல சொல்லித் தந்தா படகுக்காரங்களுக்க குரூப்புல போடலாம்."

"நான் சொன்னா சிரிக்க மாட்டாங்களா அண்ணா?"

"சிரிக்கட்டு. கேப்பாவ இல்லியா?"

அறிவிப்பு வரும் நாட்களில் ஷைஜா அதை இரண்டு தடவை வாசிப்பாள், கிணற்றடியில் நடந்துகொண்டே பேசி அனுப்புவாள். "மக்களே, இண்ணைக்கு ஆழக்கடலுக்குப் போவண்டாம். காத்து பெலமா இருக்கும்னு சொல்லியாச்சு. வலைய எடுத்து உள்ள வையுங்க." முதலில் சிரித்தார்கள்தான். வோர்காட் பறையுதுடே என்றார்கள். பிறகு, அது வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

போன ஐப்பசி மாதம் அப்படி ஒரு காலையில் அவள் போக வேண்டாம் என்று சொல்ல, குளச்சலில் படகுகள் கட்டிக் கிடந்தன. மத்தியானம்வரை கடல் தகடு மாதிரி கிடந்தது. ஷைஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குளச்சலுக்கே போய்விட்டாள். ஏலக்கூடம் காலியாகக் கிடந்தது. ஈ மொய்க்கக்கூட மீன் இல்லை. தூணில் சாய்ந்திருந்த வயதான படகுக்காரர் ஒருவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளை ஆரு?"

"நான்தான் மாமா. போன்ல பேசுகது."

நாலைந்து பேர் திரும்பினார்கள். "நீயாக்கும் அது! ஒனக்க பேச்சக் கேட்டு இண்ணைக்கு அடுப்பு பொகையல்ல பாத்தியா?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். "காத்து எங்கட்டி? ஒனக்க முந்தானைல முடிஞ்சு வச்சிருக்கியா?"

அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. முழுக் குரலில், கூடமே கேட்கும்படி சொன்னாள்: "சொன்னது ஆபீசாக்கும், நான் அத ஒங்களுக்குத் திருப்பிச் சொன்னேன். காத்து வரல்லன்னா என்ன ஏசுங்க. வந்து, நான் சொல்லாம இருந்திருந்தா ஆரு ஆர ஏச?"

எரிந்து விழுந்தவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். வயதானவர் மட்டும் தூணை விட்டு நகர்ந்து அவள் அருகே வந்தார்.

"அது செரி. நாளைக்கு எப்படி?"

"அறிவிப்பு இன்னும் வரல்ல மாமா. வந்ததும் சொல்லுகேன்."

"சீக்கிரம் சொல்லு. எனக்க படகு பெரிசு, ஆளக் கூப்பிட நேரம் வேணும்" என்றார் அவர்.

ஷைஜா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏலக்கூடத்தின் ஈரத் தரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடக்கத் தொடங்கினாள்.